அலிமா டீச்சருக்கு ஒரு செய்முறைத் தேர்வு

உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்கு எதிரில் நின்ற பதாகையில் அலிமா டீச்சர் வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தார். தலைக்கு மேல் ரோஜா மாலை தொங்கியது. இரு பக்கமும் குத்துவிளக்குகள் எரிந்தன. கீழே 'படத்திறப்பு விழா' என்று கொட்டை எழுத்து. இவை எதிலும் இளவரசிக்குக் குறை தெரியவில்லை. பொறுக்க முடியாதது டீச்சரின் நெற்றியில் இருந்தது: குங்குமச் சிவப்பில், எட்டணா அகலத்தில், ஒரு பொட்டு.

அவள் நேராகப் புருஷோத்தமனின் பிளெக்ஸ் கடைக்குள் நுழைந்தாள். அவன் கணினியை விட்டு எழுந்து நின்றுவிட்டான்.

"இன்னா காரியம் பண்ணி வெச்சிருக்க? டீச்சருக்குப் பொட்டு வெச்சது யாரு?"

"நான்தான் மேடம். நெத்தி வெறிச்சுனு இருந்திச்சி. லட்சணமா இருக்கட்டுமேன்னு வெச்சேன்."

"அலிமாய்யா! அலிமான்னு பேரு போட்டிருக்கே, கண்ணு தெரியலியா?"

"பேரு கீழதான மேடம் வருது? நான் மேலேந்து வேலை பண்ணிக்கினு வந்தேன். பேரு வரும்போது பொட்டு காஞ்சி போச்சி."

இளவரசிக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும்; வரவில்லை. வட்டாட்சியர் அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள் அவள். கோப்பில் ஒரு தாள் கோணலாக நீட்டிக்கொண்டிருந்தாலும் கட்டை அவிழ்த்துத் திரும்பக் கட்டச் சொல்வாள் என்று பெயர் வாங்கியவள். டீச்சர் மறைந்து ஓராண்டு நிறைவதால் அவரிடம் உயிரியல் படித்த பெண்கள் ஒன்றுகூடி விழா எடுக்க முடிவு செய்தபோது, பொறுப்பை ஒருமனதாக அவள் தலையில் கட்டியதற்கும் அதுவே காரணம். இளவரசி கை வைத்தால் பிழை வராது என்பது வகுப்பின் நம்பிக்கை.

பிழை பொட்டோடு முடியவில்லை என்பது பதாகையைக் கழற்றச் சொல்லிவிட்டு வெளியே வந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அஞ்சலி என்றால் படம், படம் என்றால் மாலை, மாலை என்றால் விளக்கு. அவள் அறிந்த வீடுகளில் எல்லாம் அதுதான் முறை. அந்த முறையிலேயே அழைப்பிதழும் அடித்தாயிற்று. 'திருவுருவப் படத்தைத் திறந்து வைத்து, விளக்கேற்றுபவர்: டீச்சரின் தங்கை ஜாஹிரா' என்று அதில் அவளே வாசகம் அமைத்திருந்தாள். ஜாஹிராவின் வீட்டில் அந்த வழக்கம் உண்டா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்ற எண்ணமே எழவில்லை. பொட்டு வைத்தவனுக்கும் தனக்கும் என்ன வேறுபாடு என்று யோசித்தபோது அவளுக்குக் காது மடல் சுட்டது.

டீச்சர் மணம் செய்துகொள்ளவில்லை. கடைசி நாள் வரை ஜாஹிராவோடுதான் இருந்தார். சோறு கட்டிக் கொடுத்தவர், காய்ச்சலில் கஞ்சி வைத்தவர், கடைசியில் அவர் கண்ணை மூடிவைத்தவர் எல்லாம் ஜாஹிராதான். அவர் வராமல் நடக்கும் விழா, மணப்பெண் இல்லாத கல்யாணம். வருவாரா?

கடைத்தெருவில் அண்ணன் மகன் நவாஸ் நடத்தும் துணிக்கடையில், கல்லாவுக்குப் பக்கத்து நாற்காலியில் ஜாஹிரா உட்கார்ந்திருந்தார். இளவரசி செருப்பைக் கழற்றும்போதே குரல் வந்தது.

"வா இளவரசி. படத்தப் பாத்துட்டேன்."

"அக்கா, அது வந்து..."

"நெத்திக்கு நடு எதுன்னு அந்தாளுக்குத் தெரியலியா? இடது பக்கமா இழுத்துக்கினு கீது. வெக்கிறதுதான் வெச்சான், நேரா வெச்சிருக்கக் கூடாது?"

சொல்லிவிட்டு ஜாஹிரா சிரித்த சிரிப்பில் நாற்காலி கிறீச்சிட்டது. "காலையிலேந்து இதச் சொல்லிச் சொல்லித்தான் சிரிச்சிக்கினு கீறாங்க. வந்த கஸ்டமர்லாம் துணிய விட்டுட்டு படம் பாக்கப் போயிட்டாங்க," என்று நவாஸ் துணியை மடித்தபடியே சொன்னான்.

இளவரசி மூச்சு விட்டாள். சிரிப்பு ஓய்ந்ததும் ஜாஹிரா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பொட்டுக்கு நான் கோவப்படல. ஆசையாத்தான் வெச்சிருப்பான். ஆனா படத்துக்கு மாலை போட்டு விளக்கேத்துறது எங்களுக்கு ஆகாது. அந்த எடத்துக்கு நான் வர மாட்டேன்."

"படம் வேணாம்க்கா. மாலை, விளக்கு எல்லாத்தையும் எடுத்துடறேன். நீங்க வந்து மேடையில குந்தினா போதும்."

"குந்தி?"

ஜாஹிரா கல்லா மேல் கையை ஊன்றி முன்னால் சாய்ந்தார்.

"நீங்க அம்மாம் பேரும் அவகூட ஏரி, காடு, கழனின்னு சுத்தினீங்க. எனக்குத் தெரிஞ்சது அவ வூட்டுக்குக் கொண்டாந்த குப்பைதான். ஒரு பாத்திரத்த உட்டு வெச்சாளா? இட்லிப் பானையில நத்தை. முறத்துல கரையான் புத்து. மாவு சல்லடையில இன்னாத்தையோ சலிச்சிக் கிழிச்சிட்டா. நாஷ்டா பண்ண ஏனம் இல்லாம நான் பக்கத்து வூட்டுல கடன் கேட்ட நாள்லாம் உண்டு. இப்ப மேடையில பொம்மையாட்டம் குந்திக்கினு, எங்க அக்கா எப்பிடிப்பட்டவன்னு நீங்க சொல்லி நான் தெரிஞ்சிக்கணுமா? கூடப் பொறந்தவளப் பத்தி அடுத்தவங்க வாயால கேக்கிறது எம்மாம் பேஜார் தெரியுமா உனக்கு?"

கோபமாகத்தான் சொன்னார். ஆயினும் அந்தக் கோபத்தின் அடியில் கிடந்தது என்னவென்று இளவரசிக்குப் புரிந்தது. வருடம் தவறாமல் எத்தனையோ பெண்களைக் கூட்டிக்கொண்டு போன டீச்சர், தங்கையை ஒருமுறையும் அழைத்துப் போகவில்லை. தங்கைக்கு அடுப்பு வேலை இருந்திருக்கும். அல்லது இருவருமே அதைப் பற்றி நினைத்திருக்க மாட்டார்கள். ஒரு நாற்காலியும் பொன்னாடையும் போட்டு இதைச் சரிக்கட்ட முடியாது.

மறுநாள் காலை திருப்புலிவனத்தில் கீதாவின் கழனிக்குப் போனாள். கீதா அவளுடைய வகுப்புத் தோழி. டீச்சர் நடத்திய பாடத்தைக் காட்டிலும் நடந்த தூரம்தான் தனக்கு நினைவிருக்கிறது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்பவள். வேர்க்கடலைக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னாமே, கழனிக்கே ஆய்வுக்கு வந்துட்ட? களையெல்லாம் வரிசையா நிக்கலன்னு மெமோ குடுக்கப் போறியா?"

இளவரசி நடந்ததைச் சொன்னாள். கைப்பையிலிருந்து நிகழ்ச்சி நிரலையும் எடுத்தாள். இறைவணக்கம், வரவேற்புரை, படத்திறப்பு, நினைவுரைகள், நன்றியுரை. கீதா அதை ஈரக்கையால் வாங்கி மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏன்மே, இதுல டீச்சர் எங்க கீறாங்க? நம்ம டீச்சர் எந்த மீட்டிங்குல முழுசா குந்தியிருக்காங்க? பாதியில குடைய எடுத்துக்கினு கெளம்பிடுவாங்களே!"

அந்தக் கறுப்புக் குடை இருவருக்கும் ஒரே நேரத்தில் கண்ணில் நின்றது. டீச்சர் அதை மழைக்குப் பிடித்ததைக் காட்டிலும் செடிக்கு அடியில் பிடித்ததே அதிகம். குடையை விரித்துத் தலைகீழாகப் புதருக்குக் கீழே நீட்டி, கிளையை ஒரு தட்டுத் தட்டினால் பொலபொலவென்று ஓர் உலகம் உள்ளே விழும்: வண்டு, சிலந்தி, பச்சைப் புழு, பெயர் தெரியாத எட்டுக்காலிகள். மாணவிகள் குடையைச் சுற்றிக் குனிந்து பெயர் சொல்ல வேண்டும். தெரியாவிட்டால் பாதகமில்லை, பார்க்காமல் சொன்னால்தான் டீச்சருக்குக் கோபம் வரும். தாமல் ஏரிக்கரையில் எல்லாரையும் குப்புறப் படுக்க வைத்து, மணலில் குழி பறித்து எறும்புக்குக் காத்திருக்கும் குழியானையைக் காட்டியிருக்கிறார். பழையசீவரத்தில் பாலாற்று மணலைக் கையால் தோண்டி, ஊறிவந்த நீரில் துள்ளிய சிறு பூச்சியை உள்ளங்கையில் ஏந்திக் காட்டியிருக்கிறார். மலைமேல் கோயிலுக்கு வந்தவர்கள், ஆற்றில் எதையோ தொலைத்துவிட்ட பெண்கள் என்று இரக்கப்பட்டு அவர்களோடு சேர்ந்து தேடினார்கள்.

"ஸ்பாட்டர் ஞாபகம் இருக்காமே உனக்கு?" என்றாள் கீதா.

மறக்க முடியுமா? செய்முறைத் தேர்வில் மேசைக்கு ஒன்றாக உயிரினங்களை எண் போட்டு வைத்திருப்பார்கள்; அதற்குத்தான் ஸ்பாட்டர் என்று பெயர். மணி அடித்ததும் ஒரு மேசை நகர்ந்து, அடுத்ததைப் பார்த்துப் பெயரும் ஒரு பண்பும் எழுத வேண்டும். மற்றப் பள்ளிகளில் அவை பாட்டிலில் மிதக்கும். இவர்கள் பள்ளியில் நடக்கும். காஞ்சிபுரத்திலிருந்து வந்த தேர்வாளர் ஒரு நண்டைப் பார்த்துப் பின்வாங்கி, "உயிரோடு இருக்கே மேடம்!" என்று அலறியபோது, "செத்தா அது நண்டு வறுவல் சார், பாடத்துல வராது," என்று டீச்சர் சாந்தமாகப் பதில் சொன்னார்.

"பேச்சும் வேணாம், மேடையும் வேணாம். அதே லேப்ல பரீட்சை வெச்சிடு. நான் ஸ்பாட்டர் கொண்டாறேன், நீ பேப்பர் திருத்து. அல்லாரும் எழுதணும். ஜாஹிராக்காவும் எழுதட்டும்," என்றாள் கீதா.

"அவங்க படிச்சது காமர்ஸ்."

"நாம படிச்சது மட்டும் இன்னா ஞாபகம் கீது?"

இளவரசி நிகழ்ச்சி நிரலை நான்காக மடித்துப் பையில் போட்டாள். கிழிக்க மனம் வரவில்லை.

மாலையில் மறுபடி துணிக்கடை வாசலில் நின்றாள். படம் இல்லை, மாலை இல்லை, யாரும் பேசப் போவதில்லை, பரீட்சை மட்டும்தான், நீங்களும் எழுத வேண்டும் என்று சொன்னாள். ஜாஹிரா கையிலிருந்த துணியைக் கல்லா மேல் வைத்தார்.

"பாஸ் மார்க் எம்மாம்?"

"அத நான் இன்னும் முடிவு பண்ணல."

"ஃபெயிலானா?"

"அடுத்த வருஷம் திருப்பி எழுதணும்."

ஜாஹிரா வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. "தை மாசம், கடையில கூட்டமா இருக்கும்," என்று மட்டும் சொல்லிவிட்டு ஒரு வாடிக்கையாளர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை பள்ளி வளாகம் கல்யாண வீடு போல ஆனது. செங்கல்பட்டிலிருந்தும் காஞ்சிபுரத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் பெண்கள் வந்து இறங்கினார்கள். நரைத்தவர்கள், மை பூசியவர்கள், பேரன் பேத்தி எடுத்தவர்கள். பரீட்சை என்று தெரிந்ததும் அத்தனை பேருக்கும் பழைய நடுக்கம் வந்துவிட்டது. "போர்ஷன் இன்னாடி?" என்று ஒருத்தி கேட்டாள். "உன் பின்னாடிதான் நிப்பேன், மறைக்காம எழுது," என்றாள் இன்னொருத்தி.

ஆய்வக மேசைகளில் கீதா எல்லாவற்றையும் பரப்பியிருந்தாள். தட்டில் நத்தை, தூக்கணாங்குருவி விட்டுப் போன கூடு, பாம்புச் சட்டை, ஊமத்தங்காய், மணல் நிரப்பிய தாம்பாளத்தில் குழியானை, ஒரு குவளையில் செருகிய வேலிக் குச்சியில் குச்சிப்பூச்சி. இளவரசி ஒவ்வொன்றுக்கும் எண் எழுதி, அட்டைகளை ஒரே கோட்டில் நிறுத்தினாள்.

எல்லாம் ஆயத்தம். ஜாஹிராவைக் காணவில்லை.

குறித்த நேரம் வந்தது, கடந்தது. இளவரசி கையில் மணியைப் பிடித்தபடி வாசலைப் பார்த்தாள். அவள் வாழ்நாளில் எந்தக் கூட்டத்தையும் தாமதமாகத் தொடங்கியதில்லை.

"இன்னாமே, மணியில எண்ணெய் போடணுமா?" என்றாள் கீதா. பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "வருவாங்க. கொஞ்சம் பொறு."

ஒருத்தி கொட்டாவி விட்டாள். நத்தை தட்டின் விளிம்பு வரை வந்து திரும்பிப் போனது. இளவரசி மணியின் நாக்கை விரலால் பிடித்துக்கொண்டாள். இனி அடிக்கத்தான் வேண்டும் என்று அவள் விரலை எடுத்த நேரத்தில் வாசலில் ஆட்டோ சத்தம் கேட்டது. ஜாஹிரா படியேறி வந்தார். கையில் ஒரு பேனா இருந்தது.

"பேனா கொண்டாந்துட்டேன். காப்பி அடிக்க நல்ல எடமா ஒண்ணு குடுங்க," என்றார்.

ஆய்வகம் கைதட்டலில் அதிர்ந்தது. இளவரசி மணியை அடித்த அடியில் அது இரண்டு தெரு தாண்டிக் கேட்டிருக்கும்.

அதன் பிறகு நடந்ததைத் தேர்வு என்று சொல்வது தேர்வு என்ற சொல்லுக்கு அவமரியாதை. மணி அடிக்கும்போதெல்லாம் ஒரு மேசை நகர வேண்டியவர்கள் இரண்டு மேசை நகர்ந்தார்கள். எதிர்த்திசையில் வந்தவர்கள் முட்டிக்கொண்டார்கள். "பேசாதீங்க!" என்று இளவரசி அதட்ட, அவளை விட வயதில் மூத்த ஒருத்தி "சாரி மிஸ்" என்றாள். ஜாஹிரா மட்டும் ஒவ்வொரு மேசையிலும் நின்று குனிந்து, தமக்குத் தாமே பேசிக்கொண்டு எழுதினார். நத்தைக்கு முன்னால் வந்ததும், "வா, நீயா? சௌக்கியமா?" என்று கேட்டது அறை முழுவதும் கேட்டது.

தாள்களை இளவரசி அங்கேயே திருத்தினாள். ஜாஹிராவின் தாளைச் சத்தமாகப் படிக்கச் சொல்லி எல்லாரும் கூச்சலிட்டார்கள்.

"முதல் எண். நத்தை. பண்பு: இட்லிப் பானையில் போட்டு மூடினால், மூடியைத் தள்ளிக்கொண்டு விடியற்காலையில் வெளியே வரும்."

சிரிப்பு. இளவரசி சிவப்பு மையை அழுத்தி முழு மதிப்பெண் போட்டாள். பண்பு என்றால் அதுதான் பண்பு.

"பாம்புச் சட்டை. பண்பு: அக்கா இதைத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தாள். நான் ஒரு வாரம் ஹாலில் படுத்தேன்."

இதற்கும் சிரித்தார்கள்; சிரித்தபடியே முன்னால் சாய்ந்தார்கள். தலையணைக்கு அடியில் பாம்புச் சட்டை வைத்துத் தூங்கிய டீச்சரை அவர்களில் யாரும் அறிந்திருக்கவில்லை. "அப்புறம்க்கா? அப்புறம் இன்னா ஆச்சி?" என்று நாற்காலிகள் ஜாஹிராவை நோக்கி நகர்ந்தன. அவர் சொல்லச் சொல்ல அவர்கள் கேட்டார்கள். அவர்கள் கண்டது ஏரிக்கரை. அந்த ஏரிக்கரை வீட்டுக்குள் வந்து என்ன பாடுபடுத்தியது என்பதை இன்றுதான் கேட்கிறார்கள்.

"அடுத்து குழியானை," என்று இளவரசி தொடர்ந்தாள். "ஜாஹிராக்கா எழுதியிருப்பது: வெறும் மணல். என் சல்லடை இதில்தான் போனது."

மணலைக் கிளறி, அடியில் பதுங்கியிருந்த பூச்சியைக் கீதா காட்டினாள். "முட்டை மார்க்!" என்று கூச்சல் எழுந்தது. ஜாஹிராவும் சேர்ந்து சிரித்தார்.

"கடைசி எண். குச்சிப்பூச்சி. இங்கே..." இளவரசி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள். "வெறும் குச்சி என்று எழுதியிருக்கிறார்கள்."

மறுபடி சிரிப்பு. இளவரசி இன்னொரு பூஜ்யம் போட்டாள். ஆனால் இந்த முறை ஜாஹிரா எழுந்து நின்றார்.

"இதுக்கு இன்னாத்துக்கு முட்டை?"

"அதுல பூச்சி கீதுக்கா. குச்சி மாதிரியே இருக்கும், கண்ணுக்குத் தெரியாது."

"எங்க? காமி."

இளவரசி குனிந்தாள். கீதா குனிந்தாள். குவளையைச் சூழ்ந்து தலைகள் இடித்துக்கொண்டன. கீதா குச்சியை உருவி, நீவி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். அது குச்சி. கணுவும் பட்டையும் கொண்ட வெறும் வேலிக் குச்சி.

அறை முழுவதும் ஒரே நேரத்தில் சிரிப்பில் வெடித்தது. உயிரியல் படித்த அத்தனை பேரும் அந்த எண்ணுக்கு நேராகக் 'குச்சிப்பூச்சி, கால்கள் ஆறு' என்று தெளிவாக எழுதியிருந்தார்கள். போய்விட்ட பூச்சிக்குக் கால் எண்ணியிருந்தார்கள். அந்தத் தாள்களுக்கெல்லாம் இளவரசி சரி என்று குறி போட்டிருந்தாள். பார்க்காமல் சொன்னால் டீச்சர் என்ன செய்வார் என்று நினைத்ததும் அவளுக்கு அடக்க முடியாத சிரிப்பு வந்தது. மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடி நழுவ, அவள் சிரித்ததைக் கண்டு கீதாவே பயந்துபோனாள்.

"சிரிச்சது போதும், தேடுங்க," என்றார் ஜாஹிரா. "வூட்ல தெனம் இதான் எங்களுக்கு வேலை. கீழ பாக்காதீங்க. மேல ஏறுறதுங்க எப்பவும் துணி மேலதான்... இளவரசி, அசையாத."

இளவரசி அசையவில்லை. ஊசி குத்தி, மடிப்புக் கலையாமல் நிறுத்தியிருந்த முந்தானையின் தோள் விளிம்பில் ஏதோ மிக மெதுவாக ஊர்ந்தது. பரீட்சை முழுவதையும் அது அங்கிருந்தே மேற்பார்வை பார்த்திருக்க வேண்டும்.

ஜாஹிரா அருகில் வந்தார். கையை நீட்டி, பாதியில் நிறுத்தினார்.

"இத்தனை வருசத்துல இதுங்கள்ல ஒண்ணயும் நான் தொட்டதில்ல. ஏனத்தோட தூக்கி வெளிய வெப்பேன். கடிக்குமா?"

"கடிக்காதுக்கா. விரல முன்னாடி வெச்சா தானா ஏறும்."

விரல் வந்தது. பூச்சி ஒரு காலை எடுத்து வைத்தது, ஆடியது, யோசித்தது, அடுத்த காலை வைத்தது. கடைசிக் கால் இளவரசியின் தோளை விட்டு நீங்கியபோது ஜாஹிரா மூச்சை வெளியே விட்டார். கூச்சத்தில் தோளைக் குறுக்கிக்கொண்டு, பல்லைக் கடித்தபடி சிரித்தார்.

"லேசா கீது. ஒண்ணுமே இல்லாத மாதிரி கீது."

"வெளிய வேப்ப மரத்துல உட்டுடலாம், சாப்பாடு ஆறிடும்," என்றாள் ஒருத்தி.

"கூடாது," என்றாள் இளவரசி. கண்காணிப்பாளரின் குரல் திரும்பியிருந்தது. "எடுத்த எடத்துலதான் உடணும். டீச்சர் அத ஒருநாளும் மாத்தினதில்ல. கீதா, எங்கேந்து எடுத்த?"

"என் கழனி வேலியிலேந்து. திருப்புலிவனத்துக்கு யாரு போறது இப்ப?"

"வேற யாரு போவாங்க? நான்தான். கையில ஏறிடுச்சே," என்று ஜாஹிரா வாசலை நோக்கி நடந்தார். "நைனா, ஆட்டோவ எடு!" என்று வெளியே காத்திருந்த ஆட்டோக்காரருக்குக் குரல் கொடுத்தார்.

அவர் தனியாகப் போகவில்லை. ஆட்டோவில் இளவரசியும் கீதாவும் நெருக்கி ஏறிக்கொண்டார்கள். பின்னால் இரண்டு கார்கள், ஒரு ஷேர் ஆட்டோ, யாரோ ஒருத்தியின் கணவருடைய மோட்டார் சைக்கிள். உத்திரமேரூர் கடைத்தெருவில் அந்த ஊர்வலத்தைப் பார்த்தவர்கள் எந்தக் கட்சி என்று கேட்டார்கள்.

ஊரைத் தாண்டியதும் மழைக்காலத்துத் தண்ணீர் இன்னும் வற்றாத ஓர் ஏரி வந்தது. ஜாஹிரா கழுத்தை நீட்டி, "நிறுத்து, நிறுத்து," என்றார். கரைக்கு அந்தப் பக்கம் ஆழமில்லாத நீரில் சாம்பல் வெள்ளையில் பெரிய பறவைகள் நின்றன. ஒன்று அலகால் சேற்றைக் குத்தி எதையோ எடுத்தது.

"அது இன்னா?"

கீதா கொக்கு என்றாள். பின்னால் காரிலிருந்து இறங்கி வந்த ஒருத்தி நாரை என்றாள். இளவரசி வாயைத் திறந்து, மூடி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒருமுறை நன்றாகப் பார்த்தாள்.

"நத்தைக்குத்தி நாரைக்கா. அலகு நடுவுல பாருங்க, மூடாது. சந்து தெரியும்."

"எங்க, இங்கேந்து தெரியல. எறங்கு."

"பூச்சிய மொதல்ல சேக்கலாமேக்கா," என்றாள் கீதா.

ஜாஹிரா கையை உயர்த்திப் பார்த்தார். பூச்சி அவர் சட்டைக் கையின் விளிம்பில் கால்களை நீட்டிச் சுகமாகச் சாய்ந்திருந்தது.

"இதுக்கு ஒண்ணும் அவசரமில்ல," என்று சொல்லிவிட்டு, இளவரசியின் தோளைப் பிடித்துக்கொண்டு அவர் கரை ஏறத் தொடங்கினார்.